ஐம்பதாம் நம்பர் பெட்டி

நாற்காலியில் சாய்ந்து கிடந்தார் சுப்பராயுடு.

கழுத்தில் நீல கேபிள்... மூன்று சுற்று!

ஹைமாவதிக்கு அதை அடையாளம் தெரிந்தது. நேற்று அவள் கையால் வெட்டி வைத்த கேபிள்!

நாச்சாரத்தில் ஒரு சின்ன மருந்து ஆய்வகம். ஞாயிறு காலை ஒன்பதரை. முதலாளியின் பிணத்துக்கு இந்தப் பக்கம் நெட்வொர்க் பார்க்கும் ஹைமாவதி. அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் பாபய்யா.

"லீவு நாள்ல உனக்கு இங்க என்னம்மா வேலை?"

"வி.பி.என். வேலை சார்... மேனேஜர் வீட்டுலேர்ந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்க்க வழி போட்டேன். கொஞ்சம் பாக்கி. முதலாளிதான் வரச் சொன்னார். வந்தா... இப்படி..."

"நேத்து உன்னைத் திட்டினாராமே? பக்கத்து கம்பெனி வாட்ச்மேனுக்கே கேட்டுச்சாம்!"

"வேலையை முடிக்கலைன்னு திட்டினார்..."

"அதனால அவரையே முடிச்சிட்டே!"

"ஐயோ, இல்ல சார்! கேமரா இருக்கு... பாருங்க!"

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. மேனேஜர் கோட்டேஸ்வர ராவ்! ஸ்பீக்கரைத் தட்டினார் பாபய்யா.

"சார், நீங்க விஷயம் சொன்னதும் பெசரட்டு தோசை தொண்டையில இறங்கலை! வி.பி.என். வழியா இப்பதான் படம் பதிவாகற கேமரா பெட்டியைப் பார்த்தேன். காலி! யாரோ எல்லாத்தையும் அழிச்சிருக்காங்க. அந்த வித்தை தெரிஞ்சவ அங்க ஒருத்திதான்!"

"நீங்க காலையில எங்க இருந்தீங்க?"

"வீட்டு வாசலைத் தாண்டலை சார்!"

பாபய்யா திரும்பினார்.

"யாதம்மா... இவளை ஜீப்புல ஏத்து!"

பெண் கான்ஸ்டபிளின் பிடி மணிக்கட்டில் இறுகியது. ஹைமாவதி கையை உதறப் பார்த்தாள். கொலைக் கேஸ்... ஜெயில்...

காலி? எப்படிக் காலி?

"ராவ் காரு!" போனைப் பார்த்துக் கத்தினாள். "பெட்டிக்கு என்ன நம்பர் அடிச்சீங்க?"

"நீ எழுதிக் கொடுத்ததுதான்! 192.168.1.50."

ஹைமாவதிக்குச் சட்டென்று பிடிபட்டது.

நேற்று பாக்கி வைத்த வேலை!

"சார்... அவருக்கு நம்ம பேச்சு கேட்காம பண்ணுங்க. ஒரே நிமிஷம்!"

பாபய்யா முறைத்தார். ஆனால் மியூட் செய்தார்.

யாதம்மாவின் பிடியோடே நகர்ந்து, மூலை அலமாரியில் இருந்த கேமரா பெட்டியைத் தட்டினாள் ஹைமாவதி. திரை ஒளிர்ந்தது. காலை ஏழு நாற்பது... சுப்பராயுடு விரலை நீட்டி இரைகிறார்.

"புது மருந்து ஃபார்முலாவை வெளியே வித்துட்டியேடா!"

எதிரே நின்றவன் நீல கேபிளை எடுக்கிறான்...

கோட்டேஸ்வர ராவ்!

"அழிஞ்சு போச்சுன்னானே?" பாபய்யா வாயைப் பிளந்தார்.

"அவர் பார்த்தது இதை இல்ல சார். அவர் வீட்டு கேமரா பெட்டியை! ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஒரே கடையில ஒரே மாதிரி ரெண்டு வாங்கினார். ரெண்டுக்கும் அதே நம்பர், அதே பாஸ்வேர்டு. அவர் வீட்டுல இருக்கற பெட்டி நம்பரையெல்லாம் மாத்தணும். அதைத்தான் நான் நேத்து விட்டுட்டேன்..."

"புரியற மாதிரி சொல்லும்மா."

"உங்க தெருவுலயும் அடுத்த தெருவுலயும் அம்பதாம் நம்பர் வீடு இருக்கு. வெறும் நம்பரை மட்டும் சொன்னா உங்க தெரு வீட்டுக்குத்தானே போவாங்க? அவர் லேப்டாப்பும் வீட்டுப் பெட்டிக்கே போயிடுச்சு!"

"அது ஏன் காலி?"

"அவரே அழிச்சார் சார்... ஆபீஸ் பெட்டின்னு நினைச்சு!"

யாதம்மாவின் பிடி தளர்ந்தது.

பாபய்யா வயர்லெஸ்ஸில் கிசுகிசுத்தார். பிறகு மியூட்டை எடுத்து, கால் மணி நேரம் ராவிடம் ஊர்க்கதை பேசினார்.

"சார்... அவ ஒத்துக்கிட்டாளா?" ராவின் குரலில் அவசரம்.

போனுக்குள் காலிங்பெல் ஒலித்தது. ஒரு முறை... இரு முறை...

"கதவைத் திறங்க ராவ் காரு," என்றார் பாபய்யா. "நம்ம ஆளுங்கதான். இனிமே உங்களுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் கிடையாது!"