சாம்பிளுக்குக் கழுவிய சுவர்

சதுரம் வளர்ந்திருந்தது.

மாதேஷ் குட்டியானை வண்டியைச் சாலையோரமாக நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமலேயே எட்டிப் பார்த்தான். முந்தாநாள், சாலையைப் பார்த்திருந்த அந்த வீட்டின் பின்சுவரில், நெஞ்சு உயரத்தில், ஒரு ஜன்னல் அளவுக்குத்தான் கழுவி விட்டிருந்தான். கன்னங்கரேலென்று கிடந்த சுவரில் அந்தத் துண்டு மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும். தெரிந்தது. ஆனால் இப்போது அது கொஞ்சம் மேலே ஏறி, கீழே இறங்கி, இரண்டு பக்கமும் கொஞ்சம் விரிந்து, தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

பயமெல்லாம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எவனோ போட்டிக்கு வந்துவிட்டான். தான் ஆரம்பித்து வைத்த சுவரிலேயே அவனும் சாம்பிள் காட்டுகிறான். புதுச்சத்திரத்திலிருந்து மல்லசமுத்திரம் வரை ஒரு வாடிக்கையாளரைக்கூடப் பிடிக்க முடியாத தொழிலுக்குப் போட்டி வேறா என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

தண்ணீரைப் பீய்ச்சிச் சுவர், தரை, மொட்டைமாடி எல்லாம் கழுவித் தரும் இயந்திரம் அது. பெட்ரோலில் ஓடும். குட்டியானையில் அதையும் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் ஏற்றிக்கொண்டு ஐப்பசி மழை விட்டதிலிருந்து ஊர் ஊராகச் சுற்றுகிறான். "மழ பேஞ்சா தானா போயிருமுங்க, இதுக்கெதுக்குங்க காசு?" என்றாள் ஓர் அம்மாள். பெயின்ட் உரிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார் ஒரு வாத்தியார். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் சாம்பிளுக்கு ஒரு ஃபேனைக் கழுவச் சொன்னார். நன்றாயிருக்கிறதே என்று சாம்பிளுக்கு இன்னொன்றையும் கழுவச் சொன்னார். அப்படியே எல்லா ஃபேனும் சாம்பிளாகவே முடிந்துவிட்டது. கோயில் கமிட்டிக்காரர்கள் காசுப் பேச்சையே எடுக்கவில்லை. சாமி காரியம் என்று வாளியைக் கையில் கொடுத்தார்கள்.

அதனால்தான் கேட்காமலேயே கழுவும் யோசனை வந்தது. ஆள் போகிற வருகிற சாலையைப் பார்த்த அழுக்குச் சுவராகப் பார்த்து ஒரு துண்டை மட்டும் கழுவிவிட வேண்டும். பக்கத்தில் நோட்டீசை ஒட்டிவிட வேண்டும். பிறகு அந்த வெள்ளைத் துண்டு வீட்டுக்காரரின் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். மிச்சத்தையும் கழுவாமல் அவரால் இருக்க முடியாது. மாதேஷ் இந்தத் தந்திரத்தை மனைவி நர்மதாவிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம்.

அவள் அண்ணன் வெள்ளியங்கிரிக்கு ரிக் வண்டி இருந்தது. போர்வெல் போட வடக்கே போனால் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். மாதேஷ் அதில்தான் வேலை பார்த்தான். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது அவன் சத்தீஸ்கரில் ஒரு காட்டுக்குள் குழாய் இறக்கிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை கூட இருந்தே தீருவேன் என்று வண்டியை விட்டு இறங்கிவிட்டான். வெள்ளியங்கிரி சண்டை போடவில்லை. "காத்தியல் முடியட்டும் மாப்ள. அதுக்குள்ள ஒரு கஸ்டமரப் புடிச்சுக் காட்டுங்க. இல்லீனா மிசின வித்துப்போட்டு வண்டியேறுங்க" என்றான். கார்த்திகை முடியப்போகிறது. ஒரே ஒரு ஆள் கூப்பிட்டால் போதும், பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்கலாம். அந்த ஒருவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்றுதான் தெரியவில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். சோளக்காட்டைத் தாண்டி அந்த வீடு தனியாக நின்றது. முன்கதவில் பூட்டு. முந்தாநாளும் இதே பூட்டுதான். வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத வீடு என்பதே அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அப்போதே ஒன்றைக் கவனித்திருந்தான். மற்ற மூன்று பக்கச் சுவர்களும் சுமாராக இருக்க, பின்சுவர் மட்டும் அடுப்படிச் சுவரைப் போலக் கறுத்திருந்தது. அதிலும் நடுவில்தான் அழுக்கு தடித்திருந்தது. அங்கே கழுவினால்தான் எடுப்பாகத் தெரியும் என்று அங்கேயே பீய்ச்சினான். பாசி உரிகிற மாதிரி உரியவில்லை. சேறாகக் குழைந்து வழிந்தது. உள்ளே புதுப்பூச்சு. ஓரத்தில் ஒரு செங்கல் இடுக்கு திறந்து, வழிய வேண்டிய தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. கொத்தனார் வேலை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு நோட்டீசை ஒட்டிவிட்டுப் போய்விட்டான்.

இப்போது அந்த நோட்டீஸ் அங்கே இல்லை.

கிழித்த தடம் இல்லை. கீழேயும் விழுந்திருக்கவில்லை. யாரோ ஓரம் கசங்காமல் பக்குவமாக உரித்து எடுத்திருக்கிறார்கள். மாதேஷுக்கு உள்ளூர ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. வேண்டாதவன் கிழித்துப் போடுவான். வேண்டியவன்தானே எடுத்து வைத்துக்கொள்வான்!

சுவருக்குப் பக்கத்தில் போனான். பொழுது சாயத் தொடங்கியிருந்தாலும் வெயிலின் சூடு இன்னும் தரையில் இருந்தது. சோளத்தட்டின் காய்ந்த வாசனை, எங்கோ கோழிப்பண்ணை எருவின் காரநெடி, அதற்கெல்லாம் அடியில், மிக லேசாக, கற்பூரமும் பழைய சந்தனமும் கலந்த ஒரு வாசனை, பூட்டிய அறையை ரொம்ப நாள் கழித்துத் திறந்தால் வருமே அந்த மாதிரி, செங்கல் இடுக்கிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. சுவர் நனைந்திருந்தது. முந்தாநாள் அடித்த தண்ணீர் இந்த வெயிலில் ஒரு மணி நேரம் நிற்காது. வெளுத்திருந்த பகுதியில் இயந்திரம் விடும் நீளக்கோடுகள் இல்லை. அகலமான, வளைந்த தடங்கள். உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, அது போதாமல் நகத்தால் சுரண்டியது போல.

இப்படியா ஒருத்தன் தொழில் செய்வான்? கையால்?

அப்போதுதான் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து. ஈரத்துணியை அழுத்தித் துடைக்கிற சத்தம். ஒரு இழுப்பு. நிறுத்தம். மறுபடி ஒரு இழுப்பு.

"ஏனுங்க, உள்ள ஆருங்க?"

சத்தம் நின்றது.

உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்ற நினைப்புதான் மாதேஷுக்கு முதலில் வந்தது. இத்தனை நாள் மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லி யாருமே முழுதாகக் கேட்டிராத பேச்சு அவன் வாயிலிருந்து தானாக வந்தது.

"நாந்தானுங்க நோட்டீஸ் ஒட்டுனது. மாதேசுங்க. ஊடு முச்சூடும் கழுவித் தாரனுங்க. புதுச்சத்திரத்துல தண்ணித்தொட்டிக்கு எதுக்கால நம்மூடு. நா இல்லீன்னாலும் ஊட்டுல சம்சாரம் இருக்குமுங்க. எப்ப வேண்ணாலும் வாங்க. நம்மூடு மாதிரி நெனச்சுட்டு வாங்க."

வேறு யாரும் இதுவரை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. உள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், அவன் முகத்துக்கு நேராக, ஒரு மூச்சு இருந்தது. பிறகு ஒரு தட்டல். ஒன்றே ஒன்று. சரி என்பது போல.

"ஆரது?"

திடுக்கிட்டுத் திரும்பினான். குரல் பின்னாலிருந்து வந்தது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி எண்ணெய்க் கிண்ணமும் திரியுமாக வரப்பில் நின்றாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"அய்யோ சாமி... இதைய ஆரு கழுவுனது?"

"நாந்தானுங்க. சாம்பிளுக்கு. இப்பத்தான் உள்ள இருக்கறவங்ககிட்டச் சொல்லீட்டு..."

"உள்ள ஆருமில்ல."

அவள் பெயர் சாரதாமணி. அந்த வீட்டு மருமகள். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். மாமனார் சென்னியப்பன் ஆவணியில் செத்துப்போனார். அவிட்ட நட்சத்திரத்தில் செத்ததால் அடைப்பு. ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப்போட்டு எல்லாரும் தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் போய்விட்டார்கள். பொழுதோடு வந்து வாசலில் விளக்கு வைப்பதோடு சரி.

"வாசப்படி வழியாக் கொண்டு போனா அதே வழியாத் திரும்பி வந்துருவாங்கன்னு, இந்தச் செவுத்த இடிச்சுத்தானுங்க அவரை வெளிய எடுத்தோம். அப்பறம் அடச்சுப் பூசுனோம். பூசுன எடம் தனியாத் தெரியுமுங்களே, சேத்தையும் கரியையும் கொழச்சு மொத்தச் செவுத்துக்கும் அப்புனோம். அவருக்கு வழி தெரியக்கூடாதுன்னு."

மாதேஷ் சுவரைப் பார்த்தான். நிமிர்ந்த ஆள் ஒருவர் நுழையும் அகலம். நெற்றி உயரத்தில் தொடங்கித் தரைவரை. அது போட்டிக்காரன் கழுவியதல்ல. வெளியே நின்று தேடிய யாரோ, அவன் காட்டிக்கொடுத்த ஜன்னலிலிருந்து தொடங்கி, மிச்ச வழியைச் சுரண்டிக் கண்டுபிடித்து உள்ளே போயிருக்கிறார்.

"வந்துட்டாரு" என்றாள் சாரதாமணி மெதுவாக. "வந்து பாத்தா ஊட்டுல ஆருமில்ல. அவருக்குத் தனியா இருக்கவே தெரியாதுங்க. நீங்க எதாச்சும் பேசுனீங்களா? வாங்கன்னு கூப்புட்டீங்களா?"

அவன் செங்கல் இடுக்கில் காதை வைத்தான். துடைக்கிற சத்தம் இல்லை. மூச்சும் இல்லை. வெறும் வீடு.

"ஊட்டுக்குப் போங்க" என்றாள் அவள். "நிக்காதீங்க. போங்க."

குட்டியானையை விரட்டினான். ஒரு கையால் நர்மதாவைக் கூப்பிட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டான். நெடுஞ்சாலையில் முட்டை லாரிகள் விளக்குப் போடத் தொடங்கியிருந்தன. அவற்றை முந்தவும் முடியாமல் பின்னால் நிற்கவும் முடியாமல் ஹாரனை அழுத்திக்கொண்டே போனான், சும்மா கிடந்த சுவரைச் சும்மா விட்டிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டினான், பின்னால் தொட்டியில் தண்ணீர் அலைமோதியது, எடு, எடு, எடு என்று போனைக் கெஞ்சினான்.

எடுத்தாள்.

"ஏனுங்க!" நர்மதாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "கஸ்டமரு வந்துருக்காருங்க! வயசானவரு. நம்ம நோட்டீசக் கையில வெச்சிருக்காரு. நீங்க வரச் சொன்னீங்களாமா. உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்துருக்கேன். மொதக் கஸ்டமருங்க, அண்ணங்கிட்டச் சொல்லீரலாம்!"

"நர்மதா. கதவத் தொறந்து வெளிய வா. இப்பவே."

"ஏன்? என்னாச்சு?"

"அவரு எப்படி உள்ள வந்தாரு?"

அவள் திரும்பிப் பார்ப்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"நா... கதவத் தொறக்கலீங்களே" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. "பொறவால இருந்து வந்தாரு. நம்மூட்டுக்குப் பொறவாலதான் கதவே இல்லியே."

இணைப்பு அறுந்தது.

தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். முன்கதவு உள்தாழ். இடித்தான். தோளால் மோதினான். அசையவில்லை. ஜன்னலுக்குள் இருட்டு. கற்பூரமும் சந்தனமும்.

வீட்டைச் சுற்றிப் பின்னால் ஓடினான்.

அவனுடைய வீட்டின் பின்சுவரும் அழுக்குத்தான். ஊரெல்லாம் கழுவப் புறப்பட்டவன் சொந்தச் சுவரைக் கழுவவில்லை என்று நர்மதா தினமும் கேலி செய்வாள். மங்கிய வெளிச்சத்தில், அந்தப் பாசியின் நடுவே, நெற்றி உயரத்திலிருந்து தரைவரை, ஓர் ஆள் அகலத்துக்கு, பளிச்சென்று வெளுத்திருந்தது. ஈரம் சொட்டியது. நடுவில் நோட்டீஸ், ஓரம் கசங்காமல், பக்குவமாக ஒட்டப்பட்டிருந்தது.

உள்ளே அந்தச் சத்தம். ஒரு இழுப்பு. நிறுத்தம்.

"நர்மதா!"

"வந்துட்டீங்களா?" சுவருக்கு அந்தப் பக்கம் மிக அருகில் அவள் குரல். வலியில்லாத, தூக்கக் கலக்கமான குரல். "வாசல் வழியா வேண்டாமாங்க. இப்பிடியே வெளிய கூட்டிட்டு வந்தர்றேங்கறாரு."

அவன் சுவரில் கையை வைத்தான். சில்லென்றிருந்தது. விரல்களுக்குக் கீழே பாசி தானாகக் குழைந்து வழிந்தது.

வெள்ளை அகலமானது.

மேலே அல்ல. கீழேயும் அல்ல. இடுப்புக்கு மேலே, வயிற்று உயரத்தில் மட்டும், நிறைமாதக்காரி ஒருத்தி பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு.