வெக்கை மாறினால் எரியும் விளக்கு

சித்திரை வெயில் பரளச்சி ஊரைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வீட்டின் ஆளில்லாத நடையில் சென்சார் விளக்கு தானாக எரிந்தது.

நாகஜோதி எட்டிப் பார்த்தாள். சூட்டில் டப்டப்பென்று நெளியும் தகரக் கூரை, தொண்டையைக் கமறவைக்கும் மிளகாய் வத்தல் நெடி, நடையின் கடைசியில் தை மாசத்திலிருந்து பூட்டிக் கிடக்கிற மூட்டை ரூம், வேறொன்றும் இல்லை. விளக்கு அணைந்தது. இறங்கி நடந்தாள். கையை ஆட்டினாள். எரியவில்லை.

அது சரிதான். அதை மாட்டியதே அவள்தான். அந்த வீட்டின் முதல் டிகிரிக்காரி, பிசிக்ஸ் படித்தவள். உள்ளே ஒரு பொடிப் படிகம். அதன்மேல் விழும் வெக்கை சட்டென்று மாறினால் மின்னூட்டம் பிறக்கும், விளக்கு எரியும். இந்த வெயிலில் சுவரும் உடம்பும் ஒரே சூடு. உயிரோடு இருக்கிற யாரையும் அதற்குத் தெரியாது.

அப்படியென்றால் எதைப் பார்த்து எரிந்தது?

மறுபடி எரிந்தது. மூட்டை ரூம் கதவுக்கு நேராக. சில்லென்று ஏதோ கடந்திருக்கிறது.

தங்கச்சி துர்காதேவி எவன்கூடவோ திருப்பூருக்கு ஓடிவிட்டாள் என்று தை மாசம் அண்ணன் வீரபாண்டி சொன்னான். அம்மா மூக்கம்மாள் மாரிலடித்து அழுதாள். நாகஜோதி நம்பினாள். திருப்பூரில் தெருத் தெருவாகத் தேடினாள், படித்த முட்டாள்.

எப்போதும் அண்ணன் இடுப்பில் தொங்கும் சாவி இன்றைக்குப் பூட்டிலேயே தொங்கியது.

திறந்தாள். புதுச் சிமெண்டுத் தரை. நடுவில் ஓலைப்பெட்டி. மஞ்சள், வளையல், வாடாத மல்லிகை, மடிப்புக் கலையாத பட்டுப்பாவாடை.

கன்னிப்பெட்டி. கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணுக்கு வைத்துக் கும்பிடுவது.

ஓடிப்போனவளுக்கு யாரும் வைப்பதில்லை.

பாவாடையைத் தூக்கினாள். அடியில் இன்னொன்று.

“அதத் தொடாதடி.”

வாசலில் அம்மா. பின்னால் அண்ணன். அவர்கள் வந்ததற்கு விளக்கு எரியவே இல்லை.

“கொன்னு பொதச்சுட்டு சாமியா கும்பிடுறீகளோ? என்னையத் தேட விட்டு வேடிக்க பாத்தியேம்மா!”

“படிக்க வச்சா இப்படித்தான் போலீசு, கேசும்பா” என்றான் வீரபாண்டி. “நான் அப்பவே சொல்லல?”

“இந்த ரெண்டாவது பாவாடை யாருக்கும்மா?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

“தெனமும் கனவுல வாராடி. ஒத்தையில இருக்க மாட்டேங்கிறா. அக்காவத்தான் கேக்குறா.”

கதவு மூடியது. வெளித் தாழ்ப்பாள். இருட்டு.

“அம்மா!”

கதவில் கையால் அறைந்தாள்.

நாகஜோதியின் உள்ளங்கைக்குள், சில்லென்று, சிமெண்டு காய்ந்து ஒட்டிய விரல்கள் நுழைந்தன. கோத்துக்கொண்டன.