இருபது யூனிட்

காலை 9.44.

"தாத்தா, கண்ணைத் தொறங்க! தாத்தா!"

மூன்றாவது குளுக்கோஸ் ஆம்பியூலின் கண்ணாடிக் கழுத்தை ஒடித்தபோது காளீஸ்வரியின் விரல் கிழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. ராஜபாளையத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டு. ஆறாம் கட்டிலில் ஐயாதுரை வேர்வையில் தொப்பலாகிக் கிடந்தார். சர்க்கரை முப்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. ஏழரை மணிக்கு அவருக்கு இன்சுலின் போட்டது, நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிற அவள்தான்.

"அடுத்தது!" என்றார் டாக்டர்.

கூடப் படிக்கும் கார்த்திகா அள்ளிக்கொண்டு வந்து வைத்ததில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. வெயிலில் கிடந்த கல்லைப்போல் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. ஒடித்துக் கொடுத்தாள்.

9.52. கிழவரின் இமை அசைந்தது. கட்டிலோரம் நின்ற மகனைப் பார்த்தார்.

"பால்கோவா எங்கலே?"

"உசுரு போயி வந்துருக்கு, பால்கோவா கேக்கீரு!"

மகன் தங்கப்பாண்டியன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏட்டு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். திரும்பியபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"ஊசி போட்டது யாரு?"

9.58. ஊசி அறை. தட்டில் இன்சுலின் பாட்டில். லேபிளில் நாற்பது என்றிருந்தது, ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட். குப்பைப் பெட்டியின் மேலாக, நாற்பது பாட்டிலுக்கென்றே வருகிற சிவப்பு மூடி சிரிஞ்சு. எல்லாம் சரியாக இருந்தது.

"சாப்பிடாம இருந்தாரா?" ஏட்டு கேட்டார்.

"எட்டு மணிக்கு மூணு இட்லி சாப்டாரு. நான் பாத்தேன்" என்றார் வார்டு சிஸ்டர் நாச்சியார். "மருந்து சரி, சிரிஞ்சு சரி. அப்ப நீதான் கூட இழுத்துருக்கட்டி. பத்தரைக்கு பிரின்சிபால் வந்துருவாவ. தப்ப ஒத்து எழுதிக் குடுத்துரு. பொறவு உன்னய காலேஜ்ல வச்சிக்கிடுவாவளான்னு நான் சொல்ல முடியாது."

"டாக்டர் எழுதுன இருபதுதான் சிஸ்டர் இழுத்தேன். கார்த்திகா பக்கத்துலயே நின்னா."

இன்சுலின் என்றால் ஒருத்தி லேபிளை உரக்க வாசிக்க வேண்டும், மற்றவள் இழுக்க வேண்டும், இருவரும் லேபிளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். காளீஸ்வரிக்குச் சொந்த ஊர் தேவதானம். ஒன்றரை வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் கார்த்திகா வீட்டில்தான் தங்கிப் படிக்கிறாள். ஒரே பாயில் படுக்கை, ஒரே பஸ் சீட்டு.

ஏட்டு கார்த்திகாவைப் பார்த்தார். "எம்புட்டு இழுத்தா?"

கார்த்திகா தரையைப் பார்த்தாள். "நான் நாப்பதுன்னு லேபிளை வாசிச்சேன் சார். அவ எம்புட்டு இழுத்தான்னு... கவனிக்கல."

மருந்தை இழுத்ததும் காளீஸ்வரி இருபது கோட்டில் விரல் வைத்து, "சரியாட்டி இருக்கு?" என்று கேட்டிருந்தாள். கார்த்திகாவும் தலையாட்டியிருந்தாள்.

ஏட்டு தட்டிலிருந்த பாட்டிலை எடுத்தார். பார்த்தார். வைத்தார். கட்டைவிரலைக் காக்கிப் பேண்ட்டில் துடைத்தார். துணியில் ஈரத்தடம் விழுந்தது.

"ஏம்மா, இது எப்ப பிரிட்ஜ விட்டு வந்துச்சு?"

"ஆறேமுக்கால்" என்றாள் காளீஸ்வரி. "குளுந்த மருந்து போட்டா வலிக்கும் சார். அதான் முன்னாடியே எடுத்து வச்சிருவேன்."

"மூணு மணி நேரமாச்சு. இன்னும் வேர்க்குது."

ஏட்டு காளீஸ்வரியைப் பார்த்தார்.

"எடுத்து வச்ச பொறவு நீ எங்க போன?"

"பிபி பாக்க. இருபது நிமிஷம். கார்த்திகாதான் இங்க இருந்தா. திரும்பி வரும்போது தரையத் தொடச்சிக்கிட்டு இருந்தா. ஒரே மருந்து வாடை. டெட்டால் கொட்டிருச்சுன்னா."

சிஸ்டரின் முகம் மாறியது. "இன்சுலின் பாட்டில் ஒடஞ்சாலும் அப்படி வாடை அடிக்கும்."

ஏட்டு கார்த்திகாவிடம் திரும்பினார். "அப்பாவுக்கு முடியலன்னதும் நான் படியேறி ஓடி வாரேன். பொம்பளை வார்டு வாசல்ல என்மேல முட்டுன. அங்க என்ன சோலி?"

"குளுக்கோஸ் எடுக்கப் போனேன். இங்க அலமாரியில தீந்துருச்சு. அங்க பிரிட்ஜ்ல இருந்துதான்..."

"பொய்" என்றாள் காளீஸ்வரி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "நாலு ஆம்பியூலும் நாந்தான் ஒடச்சேன். எல்லாம் வெதுவெதுன்னு இருந்துச்சு. நம்ம சன்னலோர அலமாரியில உள்ளதுதான்."

"ஆக, குளுக்கோஸ் சூடா இருந்துச்சு, இன்சுலின் ஜில்லுன்னு இருக்கு" என்றார் ஏட்டு. "பிரிட்ஜுக்குப் போனது குளுக்கோஸ் எடுக்க இல்ல. இந்தப் பாட்டில மாத்தி வைக்க. பழசு எங்கம்மா? நீயே எடுத்துரு."

கார்த்திகாவின் கை கோட்டுப் பைக்குள் போய் வெளியே வந்தது. அதே உயரத்தில் ஒரு பாட்டில். லேபிளில் நூறு.

காளீஸ்வரிக்கு மனக்கணக்கு தானாக ஓடியது. "சிவப்பு மூடி சிரிஞ்சுல இருபது கோடுன்னா அரை மில்லி. நூறு பாட்டில்ல அரை மில்லின்னா..." சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "அம்பது யூனிட் சிஸ்டர். தாத்தாவுக்கு அம்பது போட்டுருக்கேன்."

கார்த்திகா உடைந்து அழுதாள். இந்த வார்டில் இருந்த கடைசி நாற்பது பாட்டில் கை தவறி விழுந்ததாம். பெண்கள் வார்டு பிரிட்ஜ் எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் ஐ.சி.யூ.வில் இருந்ததை எடுத்து வைத்தாளாம். "ரெண்டும் இன்சுலின்தானன்னு நெனச்சேன். அவருக்கு வேர்த்தப்பதான் புரிஞ்சுது."

"புரிஞ்ச பொறவும் என்னய மாட்டிவிட்டியே" என்றாள் காளீஸ்வரி. "நாப்பதுன்னியே. பாத்துச் சொன்னியா, பாக்காமச் சொன்னியா?"

கார்த்திகா கையிலிருந்த பாட்டிலின் லேபிளைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.

10.20. சிஸ்டர் பதிவேட்டைத் திறந்தார். 'லேபிளைப் பார்த்தேன்' என்ற கட்டத்தில் இரண்டு கையெழுத்துகள், ஒன்றின் வால் மற்றொன்றின்மேல் ஏறியிருந்தது. தங்கப்பாண்டியன் காளீஸ்வரியின் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். அவர் குரலில் இப்போது அதட்டல் இல்லை.

"அவ சொன்னது பொய்தான். ஆனா இழுக்கும்போது பாட்டில் உன் கையிலதானம்மா இருந்துச்சு. நீ ஏன் பாக்கல?"