வாப்பாவுக்கு ஒரு ஸ்டேக்

பள்ளிக்கூடம் விட்டதும் தஸ்லிமா நேராக வாப்பாவின் பாத்திரக் கடைக்கு வந்தாள். கல்லாவில் யாரும் இல்லை. அடுக்கி வைத்திருந்த அலுமினிய அண்டாக்களுக்குப் பின்னால் காகிதம் கசங்கும் சத்தம் கேட்டது.

அவள் மெல்ல எட்டிப் பார்த்தாள்.

வாப்பாவின் கையில் பன். வெறும் பன் அல்ல, நடுவில் வெட்டி ஜாம் தடவிய பன்!

"வாப்பா!"

வாப்பா உதுமான் திடுக்கிட்டு மிச்சத்தையும் வாய்க்குள் தள்ளினார். 'ஒன்றும் இல்லை' என்று சொல்ல நினைத்தார். "ம்ம்ம் ம்ம்" என்றுதான் வெளியே வந்தது. மீசையில் ஜாம் ஒட்டியிருந்தது.

தஸ்லிமாவுக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் வாப்பா இதே கடையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார். இரவில் சோறு, பரோட்டா, பன் எதுவும் வேண்டாம், மீனும் முட்டையும் கீரையும் சாப்பிடுங்கள் என்றார். வாப்பாவும் நல்ல பிள்ளைபோலத் தலையாட்டிவிட்டு வந்தார்.

உம்மா இப்போது வீட்டில் இல்லை. பாராடாங் தீவில் சின்னம்மாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பஸ் ஏறும்போது உம்மா தஸ்லிமாவிடம், "வாப்பாவைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு வயதுப் பெண் நாற்பத்தைந்து வயது ஆளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் சொல்லவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாங்க? மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள் தஸ்லிமா.

"மறக்கல தஸ்லி. பசி! நேத்து ராத்திரி என்ன வச்சே? வெள்ளரிக்காயும் ஒரு அவிச்ச முட்டையும். அதைத் தின்னுட்டு மனுஷன் எப்படிம்மா தூங்கறது?"

திட்டுவதற்காகத் திறந்த வாயைத் தஸ்லிமா மூடிக்கொண்டாள். வாப்பா சொன்னது உண்மைதான். அவர் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருக்க, அவளும் தங்கை அஸ்ரினும் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறும் குழம்பும் சாப்பிட்டார்கள்.

"சரி. இன்னைக்கு உங்களுக்கு வயிறு நிறைய வைக்கறேன். ஆனா சோறு கிடையாது."

"சோறு இல்லாம வயிறு எப்படி நிறையும்?"

தஸ்லிமா வாப்பாவின் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள். தொப்பி வைத்த ஒருவர் தடியான இறைச்சித் துண்டு ஒன்றைச் சூடான கல்லில் போட்டார். 'ஸ்ஸ்ஸ்' என்றது. திருப்பிப் போட்டார். தட்டில் வைத்தார். பதினைந்து நிமிடத்தில் ஸ்டேக் ரெடி!

"நாம மீன்ல பண்ணலாம் வாப்பா. மீனைக் கனமா வெட்டினா அதுவும் ஸ்டேக்தான்."

வாப்பா வீடியோவை இன்னொரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சரி. ஆனா எனக்குச் சுகர்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே. பஜார் முழுக்கப் பேசுவாங்க. உதுமான் பாய் நோயாளி ஆயிட்டாருன்னு சொல்லுவாங்க."

"சொல்ல மாட்டேன். முதல்ல மீசையைத் துடைங்க."

பதினைந்து நிமிடம் என்று வீடியோ சொன்னது பொய் என்பது மீன் மார்க்கெட்டிலேயே தெரிந்துவிட்டது.

மீன் விற்கும் ஒச்சம்மா, பளபளவென்று சுர்மை என்கிற ஒரு பெரிய வஞ்சிர மீனை எடுத்துப் போட்டு மெல்லிசாக வெட்ட ஆரம்பித்தார்.

"அப்படி இல்ல ஆன்ட்டி, ரெண்டு விரல் கனத்துக்கு வேணும்."

"அரே பேட்டி! இவ்ளோ மோட்டாவா வெட்டினா குழம்புல எப்படி வேகும்?" என்று ஒச்சம்மா பாதி இந்தியில் கேட்டார்.

"குழம்பு இல்ல ஆன்ட்டி, ஸ்டேக்."

"ஸ்டேக்கோ கீக்கோ, மீன் வேகணுமா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே ஒச்சம்மா இன்னும் ஒரு துண்டை மெல்லிசாக வெட்டிவிட்டார். தஸ்லிமா இரண்டு விரலைச் சேர்த்துக் கத்திக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டே நின்ற பிறகுதான் கனமான துண்டுகள் கிடைத்தன.

அடுத்தது காய்கறி. வீடியோவில் ப்ரோக்கோலி இருந்தது. காய்கறிக்காரர் சிரித்துவிட்டார். "மெயின்லேண்டுல இருந்து நம்ம தீவுக்குக் கப்பலே வரலம்மா. காலிஃப்ளவருக்கே வழி இல்ல, நீ ப்ரோக்கோலி கேக்கறே!"

தஸ்லிமா பெருமூச்சு விட்டாள். கடை ஓரத்தில், பக்கத்து ஊர் சிப்பிகாட்டிலிருந்து அன்று காலை வந்த கல்மி என்னும் வள்ளைக் கீரை பச்சைப் பசேலென்று கிடந்தது. இரண்டு கட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே அஸ்ரின் கேள்விகளோடு காத்திருந்தாள். அவளுக்கு எட்டு வயது. தஸ்லிமாவிடமிருந்து வாப்பாவின் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டே சமையலறை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ராத்தா, இதுல ரோஸ்மேரி போடணுமாம். நம்ம ஸ்கூல் ரோஸ்மேரி மிஸ்ஸையா?"

"அது ஒரு இலை அஸ்ரின்."

"மிஸ்ஸுக்கு ஏன் இலை பேரு வச்சாங்க?"

"எனக்குத் தெரியாது. நாம கறிவேப்பிலை போடறோம்."

"அப்ப இது ஸ்டேக் இல்லையே?"

 தஸ்லிமா மீனைக் கழுவி, உப்பும் மிளகுத்தூளும் தடவினாள். தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, வீடியோவில் சொன்னபடி வெண்ணெய் போட்டாள். கழுவிய ஈரத்தோடேயே ஒரு துண்டை எடுத்துக் கல்லில் வைத்தாள்.

'ஸ்ஸ்ஸ்' என்று வரவில்லை. 'படபடபட' என்று வெண்ணெய் தெறித்தது. அஸ்ரின் அலறிக்கொண்டு ஸ்டூலிலிருந்து குதித்தாள்.

"திருப்பு ராத்தா, திருப்பு!"

தஸ்லிமா அவசரமாகக் கரண்டியை அடியில் கொடுத்துத் திருப்பினாள். மீன் பாதி கரண்டியோடு வந்தது. மீதி கல்லைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. அவள் சுரண்டினாள். மீன் தூள் தூளாக உடைந்தது. வெண்ணெய் கருகியது. புகை மேலே எழும்பி ஜன்னல் வழியே வெளியேறியது.

சமையலறை வாசலில் வாப்பாவின் தலை தெரிந்தது. "தஸ்லி, வேணும்னா கொஞ்சமா சோறு வச்சிடலாமா? ஒரே ஒரு கரண்டி?"

"வேண்டாம்!"

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

மாடி வீட்டு விசாலாட்சி ஆன்ட்டி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். கையில் மூடி போட்ட பெரிய தூக்குச்சட்டி.

"என்ன புகை? எல்லாரும் நல்லா இருக்கீங்களா? உங்க உம்மா லத்தீபா ஊர்ல இல்லியே, பிள்ளைங்க என்ன சாப்பிடுதோன்னு புளியோதரை கிண்டினேன். கூட உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கு. உதுமான் பாய், சூட்டோட சாப்பிட்டுடுங்க!"

மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெயும் பெருங்காயமும் கலந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. வாப்பாவின் கண்கள் விரிந்தன.

"கொண்டு வந்ததைத் திருப்பி அனுப்பக் கூடாதும்மா" என்று அவர் தஸ்லிமாவைப் பார்க்காமலேயே சொன்னார். "ஒரு தட்டு எடுத்துட்டு வா."

தஸ்லிமாவுக்குக் கோபம் வந்தது. கையெல்லாம் மீன் வாசனை. முகமெல்லாம் வியர்வை. கல்லில் கருகிய மீன். இவ்வளவும் யாருக்காக? 'ஆன்ட்டி, வாப்பாவுக்குச் சுகர்!' என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். புளியோதரை மாடிக்கே திரும்பிப் போய்விடும்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அப்போது வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பாடம் படிக்காமல் வகுப்பில் எழுந்து நிற்கும் பையன்போல அவர் தரையைப் பார்த்தார்.

தஸ்லிமா தூக்குச்சட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"வாசனையே தூக்குது ஆன்ட்டி! ஆனா இன்னைக்கு நான் மீன் ஸ்டேக் பண்றேன். எல்லாரும் அதைத்தான் சாப்பிடணும்னு சொல்லிட்டேன். இதைக் காலைல நானும் அஸ்ரினும் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறோம். புளியோதரை மறுநாள் இன்னும் நல்லா இருக்கும்ல?"

"அதுக்கென்ன, தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றார் விசாலாட்சி.

"எல்லாரும்னா நானுமா?" என்று அஸ்ரின் கத்தினாள். "எனக்கும் சோறு இல்லியா?"

"இல்ல. இன்னைக்கு எல்லாருக்கும் ஒரே சாப்பாடு."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

 வாப்பா புளியோதரையைப் பார்த்தார், மகளின் சிவந்த முகத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது வந்து விசாலாட்சிம்மா, எனக்குத்தான் சோறு ஆகாது. சுகர் வந்துடுச்சு. டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. அதுக்காகத்தான் பிள்ளை இந்தப் பாடு படுது."

தஸ்லிமா நம்ப முடியாமல் அவரைப் பார்த்தாள்.

விசாலாட்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "அவ்வளவுதானே! எங்க வீட்டுக்காரருக்கு அஞ்சு வருஷமா இருக்கு. ராத்திரி சோறு கேட்டு தினம் பஞ்சாயத்து. நேத்து அலமாரில வேட்டிக்கு நடுவுல மைசூர்பாகு ஒளிச்சு வச்சிருந்தாரு பாய்! எறும்பு வந்து காட்டிக் கொடுத்துச்சு."

வாப்பா வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு வாரமாக அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

"சிரிச்சது போதும்" என்றாள் தஸ்லிமா. "அடுப்புல கல்லு அப்படியே கிடக்கு."

கல்லைச் சுரண்டிக் கழுவும்போது அவள் யோசித்தாள். தோசை வேகாதபோது எடுத்தால் அதுவும் இப்படித்தான் கிழிந்து போகும். வெந்துவிட்டால் தானாகவே கல்லை விட்டு எழும்பும். மீனும் அப்படித்தானோ? ஈரமும் அவசரமும்தான் காரணமோ?

மிச்சமிருந்த மீன் துண்டுகளைச் சுத்தமான துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் போகத் துடைத்தாள். மறுபடி உப்பும் மிளகும் தடவினாள். கல் நன்றாகக் காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் விட்டு, துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள்.

'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!'

"வந்துடுச்சு! வீடியோ சத்தம் வந்துடுச்சு!" என்று அஸ்ரின் குதித்தாள்.

மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"திருப்பிடும்மா, அடி பிடிக்கும்" என்றார் வாப்பா.

"தீயைக் குறைச்சுட்டு மூடி போடு" என்றார் விசாலாட்சி.

"ராத்தா, கரியப் போகுது!" என்றாள் அஸ்ரின்.

"யாராவது பேசினீங்கன்னா நான் அடுப்பை அணைச்சுட்டுப் படுக்கப் போயிடுவேன்!" என்றாள் தஸ்லிமா.

 மீன் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது. தஸ்லிமா கரண்டியின் நுனியால் ஓரத்தை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை. காத்திருந்தாள். கை பரபரத்தது. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மறுபடியும் தொட்டாள்.

துண்டு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. கரண்டியைக் கொடுத்துத் திருப்பினாள். உடையாமல், கிழியாமல், பொன்னிறமான பக்கம் மேலே வந்தது.

"மாஷா அல்லாஹ்!" என்றார் வாப்பா.

மறுபக்கமும் வெந்ததும் மீனை எடுத்து வைத்தாள். அதே கல்லில் பூண்டைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, கல்மிக் கீரையைக் குவித்தாள். மலைபோல இருந்த கீரை நிமிடத்தில் ஒரு கை அளவுக்குச் சுருங்கியது. ஆளுக்கு ஒரு முட்டையும் உடைத்து ஊற்றினாள். எலுமிச்சம்பழத்தை நறுக்கி மீன்மேல் பிழிந்தாள்.

விசாலாட்சி மாடிப்படியில் நின்று குரல் கொடுக்க, அவருடைய கணவர் பன்னீர்செல்வம் சந்தேகத்தோடு இறங்கி வந்தார்.

"சோறு இல்லாத சாப்பாடாமே? அது எப்படிச் சாப்பாடு ஆகும்?" என்றார் வரும்போதே.

"உட்காருங்க அண்ணே" என்று வாப்பா தன் பக்கத்தில் இடம் காட்டினார். "நானும் அப்படித்தான் கேட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

எல்லாருடைய தட்டிலும் ஒரே சாப்பாடு இருந்தது. அஸ்ரின் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். அடுத்த விள்ளலைக் கொஞ்சம் பெரிதாக எடுத்தாள். அதற்குப் பிறகு ரோஸ்மேரியைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

 வாப்பா மீனின் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சினார். தட்டை வழித்து முடித்துவிட்டு, மெல்லப் பக்கத்துத் தட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு துண்டு இருக்கா தஸ்லி?"

இரண்டு துண்டுகள் இருந்தன. ஒச்சம்மா மெல்லிசாக வெட்டிய துண்டுகள். அவை முறுமுறுவென்று பொரிந்திருந்தன. வாப்பாவும் பன்னீர்செல்வமும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

"நிறைஞ்சுதா?" என்று கேட்டாள் தஸ்லிமா.

வாப்பா வயிற்றைத் தடவிக்கொண்டே சுவரில் சாய்ந்தார். "நிறைஞ்சுதும்மா. நிஜமாவே நிறைஞ்சுது. நாளைக்கு என்ன பண்ணப் போறே?"

"நாளைக்கா?" தஸ்லிமா எழுந்து கரண்டியைக் கொண்டுவந்து வாப்பாவின் கையில் வைத்தாள். "நாளைக்கு நீங்க சமைக்கறீங்க. நான் பக்கத்துல நின்னு, 'திருப்பு, திருப்பு'ன்னு கத்தப் போறேன்."