முதல் பானை

பானையைத் தூக்கியதும் அருமைநாயகத்துக்கு உறைத்தது, உள்ளே சத்தமில்லை என்பதுதான். சிற்றாற்றிலிருந்து எடுத்த இறால் பானை ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. வாலைச் சுண்டிச் சுண்டி, ஓட்டுமேல் தூறல் விழுந்த மாதிரி சடசடக்கும். இன்று வாய்த்துணியை விலக்கிப் பார்த்தால், விரல் நீளத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, மீசைகூட அசையாமல், எல்லாம் அவரையே பார்த்தபடி கிடந்தன.

தென்காசி தாலுகா ஆபீஸில் நகல் எழுதி எழுதிக் கூனிப்போன மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமை இறால் பிடிப்பு ஒன்றுதான் பொழுதுபோக்கு. குற்றாலத்தில் சாரல் விழுந்து ஆறு கலங்கியதும், தவிடும் பிண்ணாக்கும் உருட்டிப் போட்ட பானையைக் காலையில் மருத வேரில் கட்டி இறக்குவார், சாயங்காலம் எடுப்பார். ஆனி மாதத்து முதல் பானையை எண்ணிப் பார்த்து, இந்த வருஷம் இறால் வரத்து இப்படி என்று சொல்லிவிட்டு, ஒன்று விடாமல் ஆற்றிலேயே கவிழ்த்துவிட வேண்டும். அங்கே பானை இறக்குகிற யாரும் அதை மீறியதில்லை.

இன்று எடுத்தது அந்த முதல் பானைதான். அவர் கவிழ்க்கவில்லை. மனைவி பேராச்சி இருபத்து மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறாள். கஞ்சித் தண்ணியும் தங்கவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்தே இவருக்கு உடம்பு ஓய்ந்துவிட்டது. இன்று காலையில் அவளாக வாய் திறந்து, "இறால் சாறு ஒரு வாய் குடிச்சா எந்திரிச்சிருவேன் போல இருக்கு" என்றிருந்தாள்.

பாதையில் சுடலைக்கண்ணு எதிரே வந்தான். அவனும் பானை இறக்குகிறவன்தான்.

"அண்ணாச்சி, இந்த வருசம் எப்படி? எங்க வீட்டுப் பூன கேட்டுக்கிட்டே இருக்கு."

"பாப்பம்."

"எத்தன இருந்துச்சி?"

"எண்ணல."

"நீங்க எண்ணலையா? அப்பம் நாளைக்கு வெயிலுதான்!" சிரித்தவன், அவர் தோளில் துண்டு போட்டு மூடியிருந்த பானையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. ஒதுங்கி வழிவிட்டான்.

வீடு வரவரப் பானை கனத்தது. பாசி வாடையோடு, நாள்பட்ட ஈரத்துணி வாடையும் மூக்கில் ஏறியது. அடுப்படியில் பானையை இறக்கிவைத்து, அடுப்பை மூட்டி, மிளகு தட்டி, அரிக்கேன் விளக்கைப் பொருத்திக்கொண்டு திரும்பினார்.

வாய்த்துணி தரையில் கிடந்தது.

பானையில் தண்ணீர் மட்டும்.

அடுப்படியிலிருந்து உள்ளறை வரை ஈரம். விரல் அகலக் கோடுகள். எல்லாம் ஒரே பக்கமாக.

"வந்துட்டியளா?" உள்ளேயிருந்து பேராச்சி. குரலில் தெம்பு இருந்தது. எத்தனை நாளாயிற்று.

"வந்துட்டேன். எப்படிட்டி இருக்கு?"

"பசிக்கி."

அந்த ஒரு சொல்லுக்காக இருபத்து மூன்று நாள் காத்துக் கிடந்தவர். கண் கலங்கியது. ஈரக் கோடுகளை மிதிக்காமல் உள்ளறை வாசல்வரை போனார்.

"சாறு வைக்கேன். செத்த பொறு."

"சாறு எதுக்கு? வந்துட்டுதுல்லா."

சடசடவென்று தூறல் சத்தம். வெளியே இல்லை. அறைக்குள்ளே.

விளக்கைத் தூக்கினார். அவள் மல்லாந்து கிடந்தாள். போர்வை, கழுத்திலிருந்து கால் வரை, ஓரோர் இடமாக மேடிட்டு மேடிட்டு அடங்கியது. நெஞ்சு மட்டும் ஏறவில்லை. இறங்கவில்லை.

"இன்னும் கொண்டாங்க."

உதடு அசையவில்லை. இறுக மூடியிருந்த அந்த வாயின் ஓரத்திலிருந்து, மயிரிழை போல இரண்டு மீசைகள் மெல்ல நீண்டு, விளக்கு இருந்த பக்கம் திரும்பித் துழாவின.