வெறும் அறையின் சத்தம்

ஹெட்போனுக்குள் பல்லி கத்தியது. ச்ச், ச்ச், ச்ச். பேராச்சி கம்ப்யூட்டரில் பதிவை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். செம்பூர் ஃப்ளாட்டின் அந்தப் படுக்கையறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாலு சுவரிலும் ஒரு பல்லி இல்லை.

பல்லியைத் தெரியாதவளா அவள்? தாராவித் தோல் பட்டறைச் சுவர்களில் பதினோரு மாதம் பல்லி எண்ணித்தான் டாக்டர் பட்டம் வாங்கினாள். அவளும், செடிகொடி ஆராய்ச்சி செய்யும் ஷைஸ்தாவும் சேர்ந்து ‘வீட்டு ஜீவன்கள்’ என்று தமிழில் ஒரு பாட்காஸ்ட் நடத்தினார்கள். காலையில்தான் பல்லியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்துவிட்டு, ஷைஸ்தா சற்றுமுன் ரயிலில் கோபர்கைரனேயில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். பேசி முடித்ததும் ஒரு நிமிடம் இருவரும் வாயை மூடிக்கொண்டு வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்வார்கள். பேச்சை வெட்டிய இடத்தில் ஒட்டுப்போட அது வேண்டும். அந்த நிமிடத்தில்தான் பல்லி கத்தியிருந்தது.

ஆராய்ச்சி இவளுடையது. எழுத்தும் இவளுடையது. நேயர்கள் கடிதம் மட்டும் ஷைஸ்தாவுக்கு! ‘ஷைஸ்தா அக்கா குரலைக் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிகிறது’ என்று மாட்டுங்காவிலிருந்து ஒருத்தி எழுதுகிறாள். பொழுது விடிகிறதாமே, அடேயப்பா!

ஷைஸ்தாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பேராச்சிதான் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுப்பாள். அதில் பல்லியும் பள்ளியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவள் தடுக்கி விழட்டும் என்றே இன்று அதைத் திருத்தாமல் விட்டாள். ஷைஸ்தாவும் ‘சாயங்காலமானால் பள்ளி சுவரேறும்’ என்று நிறுத்தி நிதானமாகப் படித்துவைத்தாள்.

“ஏட்டி பேரா, பள்ளிக்கூடம் எப்பிடிளா சுவரேறும்? அரே, படிக்கத் தெரியாதவளுக்கு இப்பிடியா எழுதிக் குடுப்ப!”

சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கே இன்னும் நூறு கடிதம் வரும். பேராச்சி இப்போது அதைத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள்.

வெட்ட வேறு காரணமும் இருந்தது. அரைமணி நேரம் முன்பு ஒரு வானொலியிலிருந்து மெயில் வந்திருந்தது. புதுத் தொடருக்கு ஷைஸ்தா மட்டும் பேசினால் போதுமாம். எழுத்து வேலையில் பேராச்சி ‘உதவலாமாம்’. அந்த ஒரு சொல்லை அவள் ஏழெட்டுத் தடவை படித்துவிட்டாள். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டாள். வெளியே மழை தகரக் கூரைகளில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது, எதிரொலியை விழுங்குவதற்காகத் திறந்துவைத்த பீரோவிலிருந்து ஈரப்புடவை வாசனையும் அந்துருண்டை நெடியும் கலந்து வந்து அறை முழுக்கத் தேங்கி நின்றது.

“அந்தக் குரல் என் தொண்டையில இருந்திருக்கணும்” என்றாள் வாய்விட்டு.

ச்ச், ச்ச், ச்ச்.

ஹெட்போன் மேசையில் கிடந்தது. கம்ப்யூட்டரில் பதிவு ஓடவில்லை.

அவள் விரல் தானாக மேசையை மூன்று தட்டுத் தட்டியது. வீட்டில் எல்லாரும் செய்வதுதான். பேசும்போது பல்லி கத்தினால் பேசியது பலிக்கும், தட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும். ‘அதெல்லாம் வெறும் நம்பிக்கை, நம் பேச்சுக்குப் பல்லி சாட்சி சொல்வதில்லை’ என்று இன்றைய பாகத்தில் எழுதியவளே அவள்தான். இவ்வளவு படித்தும் விரல் கேட்கிறதா பார் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பீரோவுக்குப் பின்னால், டியூப் லைட்டுக்கு மேலே, திரைச்சீலை மடிப்பில் எல்லாம் தேடினாள். எங்கும் இல்லை.

போன் அடித்தது. ஷைஸ்தா.

“என்னளா, போய்ச் சேந்தியா?”

மூச்சு மட்டும் வந்தது. பின்னால் ட்ரெயின் ஓடும் சத்தம். இணைப்பு அறுந்து, கொஞ்ச நேரத்தில் ஆங்கில எழுத்தில் செய்தி வந்தது.

‘குரல் வரல பேரா. கத்திப் பாத்துட்டேன். காத்துதான் வருது. பயமா இருக்குளா.’

பேராச்சி பயந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். இனி இவள்தானே பேசியாக வேண்டும்? பதில்கூட எழுதாமல் மைக்கை இழுத்துவைத்துக்கொண்டு பதிவை ஓடவிட்டாள்.

“வணக்கம். நான் பேராச்சி.”

ஷைஸ்தாவின் குரல்.

உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னொரு தடவை சொன்னாள். அதே குழைவு, அதே இழுப்பு. என்ன அழகு! தன் வாயிலிருந்து அது வருவதைக் கேட்டுக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. போதும் என்று வாயை மூடினாள்.

குரல் நிற்கவில்லை.

“வணக்கம். நான் ஷைஸ்தா.”

உதடு ஒட்டியிருந்தது. பல்லையும் கடித்திருந்தாள். குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது. கையால் வாயைப் பொத்தினாள்.

“வணக்கம்.”

தொண்டையில் ஏதோ அசைந்தது. எச்சிலை விழுங்கினாள். இறங்கவில்லை. உட்சதையில் ஒரு பிடி. கொஞ்சம் மேலே இன்னொரு பிடி. சில்லென்று, சின்ன விரல்கள். ஏறிக்கொண்டிருந்தது.

பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். போன் டார்ச்சைப் போட்டாள்.

வாயைத் திறந்தாள்.

உள்நாக்குக்குப் பின்னால், இருட்டில், இமையில்லாத இரண்டு கண்கள் வெளிச்சத்தைப் பார்த்தன. இளஞ்சிவப்பாக ஒரு நாக்கு நீண்டது. இடது கண்ணை நிதானமாக நக்கித் துடைத்தது. பிறகு அது ஷைஸ்தாவைப் போலவே சிரித்தது.