அலாரம் அனுப்பாத மோடம்

புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குமாரசாமி, சூரமங்கலம் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்து, உட்காராமலே பேசினார்.

"நேத்து மத்தியானம் ஷெட்டுல ஃபேன் நின்னு நாலாயிரம் கோழி செத்துப் போச்சுங்க. சூடு ஏறுனா பண்ணைக் கம்ப்யூட்டர்ல மாட்டுன மோடம் வழியா சூப்பர்வைசர் மாரியோட செல்லுக்கு மெசேஜ் போவோணும். எம்பொண்ணு வெச்சுக் குடுத்த ஏற்பாடு. அவ இருந்திருந்தா..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாரிதான் கெடுத்துட்டான். சாட்சி குடுங்க, போலீசுல புடிச்சுக் குடுக்கறேன்."

"கம்ப்யூட்டரை அணைச்சீங்களா?" என்றாள் கடைக்காரி பெரியநாயகி.

"கோழி செத்ததுக்கப்பறம் தொடவே இல்லீங்க."

அவள் கணவன் அறிவு வண்டி ஏறும்போதே தீர்ப்பு எழுதிவிட்டான். "மாரியேதான்!"

"ஏனுங்க, கொஞ்சம் சும்மா வாங்க."

பண்ணையில் மாரி அழுதழுது வீங்கிய முகத்தோடு நின்றான். இரண்டு பெண் குழந்தைக்காரன். போலீஸ் என்றால் பிழைப்பே போச்சு. அறிவுக்கே பாவமாகிவிட்டது.

பெரியநாயகி திரையைப் படித்தாள். "மோடம் நல்லாத்தான் இருக்குது. ரெண்டு இருபதுக்கு அலாரம் போகப் பாத்திருக்குது. கம்ப்யூட்டரை ஓட்டற லினக்ஸ் 'போர்ட் பிஸி', வழி காலியில்லைன்னு திருப்பிருச்சு. வேற புரோகிராம் அதைப் புடிச்சு வெச்சிருக்குது. ஒண்ணே அஞ்சுக்குத் தொறந்து, மூட மறந்துட்டாங்க. அப்ப மாரி எங்கீங்க?"

"நாந்தான் மருந்து வாங்க நாமக்கல் அனுப்புனேன்..." குமாரசாமி இழுத்தார்.

"ரூம் சாவி?"

"அவங்கிட்ட ஒண்ணு. எங்கிட்ட ஒண்ணு."

"கெடுக்க வந்தவன் ஒயரைப் புடுங்கியிருப்பான். இங்க வந்தவரு பழைய மெசேஜைக் காட்டச் சொல்லி மட்டும் தட்டியிருக்காரு."

திரையின் ஓரத்தில் சுருக்கி வைத்திருந்த ஜன்னலை விரித்தாள். மோடத்தைச் சோதிக்க குமாரசாமியின் மகள் சௌந்தர்யா தன் செல்லிலிருந்து அனுப்பியவை. 'அப்பா, டெஸ்ட் பண்றேன்.' 'அப்பா, சாப்டாச்சுங்களா?' போன தையில் பைபாஸில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தவள்.

குமாரசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தானுங்க. தெனமும் ஒருக்கா படிப்பேன். நேத்து யாரோ கூப்புட, அப்படியே உட்டுட்டு வந்துட்டேன். அட பாவி, எம்பழியை உம்மேல போட்டனே மாரி!"

"நீங்க படிக்கறது எனக்குத் தெரியுமுங்க," என்றான் மாரி.

"அப்பறம் ஏஞ்சாமி சொல்லல?"

"நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா, வெக்கப்பட்டுட்டு அப்பறம் படிக்க மாட்டீங்களேன்னுதானுங்க."

குமாரசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.